பாச்சா உருண்டை விற்பதில்லை

என் கடைக் கண்ணாடியில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. ‘பாச்சா உருண்டை விற்பதில்லை.’ எடப்பாடியில் வேறு எந்த மருந்துக்கடையிலும் இப்படி ஓர் அட்டையை நான் பார்த்ததில்லை. வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் கேட்பார்கள், “ஏனுங்க, உருண்டை இல்லீங்களா?” எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண் என்ன முதுகிலா இருக்கிறது? மளிகைக்கடையில் போய் வாங்கிக்கொள் என்று எரிந்து விழுவேன். ராசு கடையில் மருந்தைவிடத் திட்டுதான் அதிகம் கிடைக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும். முப்பத்தொரு வருடமாக மாத்திரை கொடுக்கிறேன், பல்லைக் காட்டிக்கொண்டே கொடுக்க என்னால் முடியாது.

அந்த அட்டைக்குக் காரணம் அமுதவல்லி. அவளைப் பற்றி ஊரில் சொல்கிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது.

அமுதவல்லிக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. என் கடைக்குப் பின்சந்தில் ஆறு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் லைன் வீட்டில் மூன்றாவது அவளுடையது. விசைத்தறிப் பட்டறையில் தார் சுற்றும் வேலை. தறியில் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குச்சிகளில் நூல் ஏற்ற வேண்டும், காலை எட்டிலிருந்து இரவு ஏழு வரை அதுதான். கணவன் போர்வெல் ரிக் வண்டி ஓட்டுகிறவன், வருடத்தில் பத்து மாதம் வடக்கே எங்காவது கிடப்பான். பிள்ளை இல்லை.

கல்யாணமான முதல் வருடம் அவள் தன் கூறைப்புடவையை எடுத்து விரித்தபோது மடிப்புக்கு மடிப்பு பாச்சை அரித்திருந்தது. கரப்பான்பூச்சியைத்தான் எங்கள் பக்கம் பாச்சை என்போம். கஞ்சி போட்ட துணி என்றால் அதற்கு விருந்துச் சாப்பாடு. அவளுடைய மாமியார் அந்த ஓட்டைகளில் விரலை விட்டுக் காட்டி, “கூறைச்சீலையப் பாச்சைக்குக் குடுத்தவளுக்கு வவுத்துல என்ன தங்கும்?” என்று கேட்டுவிட்டாள். வாயா அது? கேட்டவள் செத்துப் பதினைந்து வருடமாகிறது. ஆனால் ஒவ்வொரு மாதமும் அமுதவல்லிக்கு அந்தக் கேள்வி நினைவுக்கு வரும் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து அவளுக்கும் பாச்சைக்கும் ஏழாம் பொருத்தம்.

அமாவாசைக்கு அமாவாசை கடைக்கு வருவாள். ஒரு பாக்கெட் உருண்டை. துணிப்பெட்டியில், அரிசி டிரம்முக்கு அடியில், கழிவுநீர்க் குழாய் வாயில், தலையணை உறைக்குள்ளே என்று வைக்காத இடம் கிடையாது. அவள் நடந்து போனாலே அந்த வாசம் அடிக்கும். மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ மாதிரி அவளுக்கு அது.

“ஏன் அம்மிணி, பாச்சையைத் தொரத்தறயா, இல்ல மாசாமாசம் அதுக்குப் படியளக்கறயா?” என்று கேலி செய்வேன்.

“நீங்க குடுக்கறதக் குடுங்கண்ணா. அது மூஞ்சிய இனி எம்பொட்டியில பாக்கக்கூடாது,” என்பாள்.

இந்த உருண்டையின் சங்கதி இவ்வளவுதான்: அது பாச்சையைக் கொன்று தீர்ப்பதில்லை. நாற்றம் பொறுக்காமல் அது இடம் மாறும். இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு, இந்த வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு. நாலாவது வீட்டுச் சுப்பம்மாள் ஒருநாள் கடைக்கு வந்து, “அவளுக்கு உருண்டை விக்காதீங்க, அவ ஊட்டுப் பாச்சையெல்லாம் எங்கூட்டுலதான் குடியிருக்குது!” என்று கத்தினாள். நான் என்ன செய்தேன்? சிரித்துக்கொண்டே அவளுக்கும் ஒரு பாக்கெட் விற்றேன். இரண்டே மாதத்தில் ஆறு வீட்டுக்காரர்களும் என்னிடம் வாங்கினார்கள். எனக்கு அப்போது அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

அவளுடைய அப்பா சடையன் எண்பத்தி நாலு வயது வரைக்கும் ஒரு நாள்கூடப் படுக்காத மனிதர். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு உட்கார்ந்தார், அப்படியே போய்ச் சேர்ந்தார். அவருடைய வேட்டி ஒன்றை அமுதவல்லி எடுத்து வைத்துக்கொண்டாள். எங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது. முதலில் சுற்றுவது பழந்துணியாக இருக்க வேண்டும், அதுவும் நோய்நொடி இல்லாமல் வாழ்ந்து முடித்தவர் உடுத்தியதாக இருந்தால் அந்த ஆயுசு பிள்ளைக்கும் வரும் என்பார்கள். அவர்கள் குடும்பத்தில் அதைக் கொண்டுவர வேண்டியவள் அத்தை. அமுதவல்லியின் தம்பி சிவபிரகாஷுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. எந்த நாளோ பிறக்கப் போகிற பிள்ளைக்காக, வேட்டியை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்து, ஒரு கைப்பிடி உருண்டையை நடுவில் போட்டு மூடினாள். பாச்சை தொடக்கூடாதே! ஒன்பது வருடம் அந்த வேட்டி அப்படிக் கிடந்தது. உருண்டை கரைந்து போகப் போகப் புதிதாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். அத்தனையும் என் கடை உருண்டை.

சிவபிரகாஷ் எருமப்பட்டியிலிருந்து ரஞ்சிதாவைக் கட்டிக்கொண்டு வந்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதத்தில் அவளுக்குப் பிரசவத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். காய்ச்சல் காலம். என் கடையில் ஈ மொய்க்கிற மாதிரிக் கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள் தலையை நீட்டி அமுதவல்லி கேட்டாள்:

“ஏனுங்ணா, அப்பன் வேட்டிய எடுத்துப் பாத்தேன். உருண்டை வாசம் தூக்கலா அடிக்குதுங்க. அலசினா அப்பன் ஒடம்பு பட்டது போயிருமேன்னு ரோசன. அப்புடியே கொழந்தைக்குச் சுத்தலாமுங்களா?”

நான் தலையை நிமிர்த்தக்கூட இல்லை. மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே சொன்னேன், “ஒண்ணும் ஆவாது, போ அம்மிணி. பூச்சி பொட்டு அண்டாம இருக்கும், நல்லதுதான்.”

இதுதான் நான் சொன்ன மீதிப் பாதி. மருந்து படித்தவன் நான். அந்த உருண்டை பச்சைக் குழந்தைக்கு ஆகாது என்று எந்தக் காலத்திலோ படித்துப் பரீட்சையும் எழுதியவன். அன்றைக்கு அது என் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்த்திருந்தால் வந்திருக்கும்.

ஆண் குழந்தை. அமுதவல்லிக்குக் கால் தரையில் படவில்லை. சேலத்து ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப் போய், பிள்ளையைத் தன் அப்பாவின் வேட்டியில் வாங்கினாள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அதே வேட்டியில் தூளி கட்டினார்கள். காலையும் மாலையும் உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் தேய்த்து அதில் போட்டார்கள். எண்ணெய் பட்ட தோல் அந்த மருந்தை இன்னும் வேகமாக உறிஞ்சும். யாருக்குத் தெரியும்? அறிவழகன் என்று பெயர் வைக்கப் போவதாகச் சொல்லி அமுதவல்லி எனக்கு லட்டு கொண்டுவந்து கொடுத்தாள். “கண்ணு ரெண்டும் எங்கப்பனேதானுங்க!” என்றாள். நானும் வாயில் போட்டுக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் பிள்ளை மஞ்சளாக இருந்தது. பிறந்த குழந்தைக்கு வருவதுதானே, இளவெயிலில் காட்டினால் போய்விடும் என்று காட்டினார்கள். ஆறாம் நாள் மூத்திரம் டீத்தண்ணி நிறத்தில் போனது. பால் குடிக்கவில்லை. கீச்சென்று ஒரு மாதிரி அழுதுகொண்டு முதுகை வில்லாக வளைத்தது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அங்கே நீல விளக்கில் படுக்க வைத்து, உடம்பிலிருந்த ரத்தத்தை எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றினார்கள். டாக்டரம்மா வெளியே வந்து கேட்டார்களாம், “துணியில் பாச்சா உருண்டை போட்டு வைத்திருந்தீர்களா?” இந்தப் பிள்ளையின் ரத்தத்தில் பிறவியிலேயே ஒரு குறை இருக்கிறது, அம்மா வழியாக வருவது, சாதாரணமாக இருந்தால் தெரியவே தெரியாது. உருண்டை வாசம் பட்டால், சில மருந்துகள் உள்ளே போனால், ரத்தம் உடைந்துவிடும் என்று விளக்கினார்களாம். அம்மா வழி என்ற சொல்லைக் கேட்டு ரஞ்சிதா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அமுதவல்லி மட்டும் முன்னால் வந்து, “நானுங்க. நான்தானுங்க வெச்சேன்,” என்றிருக்கிறாள். யாரைக் கேட்டு வைத்தாய் என்று தம்பி கேட்டதற்கு, “ஆரையும் கேக்குல,” என்று சொல்லியிருக்கிறாள்.

பிள்ளை பிழைத்தது. காது போய்விட்டது. நரம்பில் பட்ட கேடு என்றார்கள். கருவி மாட்டிப் பார்த்தார்கள், ஆபரேஷன் பற்றியும் பேசிப் பார்த்தார்கள், ஒன்றும் பெரிதாகக் கூடிவரவில்லை. வார்டு வாசலில் வைத்தே ரஞ்சிதா சொல்லிவிட்டாள், “நங்கையா, இனி எம்பையன் மொகத்துல நீங்க முழிக்கக்கூடாது. முழிச்சா நான் உசுரோட இருக்க மாட்டேன்.” நங்கை என்றால் எங்கள் பக்கம் நாத்தனார். அன்றைக்குப் போட்ட கதவு திறக்கவே இல்லை.

பத்தாவது நாள் அமுதவல்லி கடைக்கு வந்தாள். இப்போது கேட்கப் போகிறாள், நாலு பேர் பார்க்க என் சட்டையைப் பிடிக்கப் போகிறாள் என்று நின்றேன். அவள் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள்.

“டாக்டரம்மா எழுதிக் குடுத்தாங்க. தம்பி ரஞ்சிதாவுக்குத் தெரியாம எனக்குக் காட்டினான், ஒருத்தர்கிட்டச் சொல்லி எழுதி வாங்கியாந்தேன். பையனுக்கு ஆகாத மருந்துங்களாம். படிச்சுக் காட்டுங்கண்ணா.”

படித்தேன். பிரைமாகுயின், டாப்சோன், நைட்ரோஃபியூரன்டாயின், நாலிடிக்சிக் ஆசிட். இன்னும் ஏழெட்டு. அவள் ஐந்தாவது வரைக்கும் படித்தவள், ஆங்கிலம் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உதட்டை அசைத்துத் திருப்பிச் சொன்னாள். ஒரு வாரம் தினமும் வந்து ஒப்பித்தாள். தார் மிஷின் சத்தத்துக்கு நடுவில் அதையே முணுமுணுத்துக்கொண்டு இருக்கிறாள், புத்தி பேதலித்துவிட்டது என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். உருண்டையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். முதல் நாள் அவள் போனதும் கடையில் இருந்த உருண்டை பாக்கெட்டையெல்லாம் சாக்கில் கட்டித் தூக்கிப் போட்டுவிட்டு அந்த அட்டையை எழுதினேன். அட்டை எழுதுகிற தைரியம் மட்டும்தான் எனக்கு இருந்தது.

ரஞ்சிதா என் கடையில்தான் மருந்து வாங்குவாள். பிள்ளைக்குச் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எது என்றாலும் சீட்டோடு வருவாள். நான் அந்தச் சீட்டை நாலு தடவை படிப்பேன். மருந்துப் புட்டியின் பின்பக்கம் இருக்கிற பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் டாக்டருக்குப் போன் போட்டுத் திட்டு வாங்குவேன். எத்தனை பேர் நின்றாலும் நிற்கட்டும், பொறுக்க முடியாதவன் வேறு கடைக்குப் போகட்டும். “அண்ணனாட்டப் பாக்கறீங்க,” என்பாள் ரஞ்சிதா. எனக்கு நெஞ்சில் முள் குத்தும்.

அவள் போன அரைமணி நேரத்தில் அமுதவல்லி வருவாள். எப்படித்தான் தெரியுமோ!

“இன்னைக்கு என்ன வாங்கினா?”

“சளிக்கு. ஆகாதது ஒண்ணும் இல்ல.”

“எளைச்சிருக்கானுங்களா?”

“இல்ல, நல்லா இருக்கறான். மேல்பல்லு ஒண்ணு விழுந்திருச்சு.”

“அப்புடீங்களா?” என்று சிரிப்பாள். பிறகு போய்விடுவாள். ஆறு வருடம் அவள் அந்தப் பிள்ளைக்கு அத்தையாக இருந்தது இவ்வளவுதான். சுப்பம்மாள் சொல்கிறாள், அவள் வீட்டில் இப்போது பாச்சை தட்டுக்கு மேலேயே ஊர்ந்து போகிறதாம், கையைக்கூட ஓங்குவதில்லையாம். கூறைப்புடவையில் பாதி இல்லையாம்.

போன மாசியில் ரஞ்சிதா பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மூத்திரக் கடுப்பு, காய்ச்சல். வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் ஊரில் இல்லை, வேறொருவரிடம் காட்டியிருக்கிறாள். அவரிடம் ஆகாத மருந்துகள் எழுதிய பழைய சீட்டைக் காட்ட மறந்துவிட்டாள். எழுதியிருந்த முதல் மருந்தே நைட்ரோஃபியூரன்டாயின். டாக்டருக்குப் போன் போட்டேன். நல்ல மனிதர், உடனே வேறு மருந்து சொன்னார். பழையதை அடித்துவிட்டுப் புதியதைச் சீட்டில் எழுதி, புட்டியை எடுத்து வைத்து, விஷயத்தைச் சொன்னேன்.

ரஞ்சிதா பையனை இழுத்து அணைத்துக்கொண்டாள். சட்டென்று கண்ணாடி மேசைக்கு மேலாகக் கையெடுத்துக் கும்பிட்டாள். “நீங்க எங்களுக்குச் சாமிங்க அண்ணா. ஒரு பாவி எம்பையனுக்கு வெசத்தச் சுத்திக் குடுத்தா. நீங்க இல்லீனா இன்னைக்கு மறுபடியும்…” எதிரே டீக்கடை ஓரத்தில் அமுதவல்லி நின்றுகொண்டிருந்தாள். பையன் யாரென்றே தெரியாமல் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். ரஞ்சிதாவும் திரும்பிப் பார்த்துவிட்டாள். “நாசமாப் போறவ, அவ கையில புழு வெக்க!” என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சாமி என்று கும்பிட்ட கை எதிரில் அப்படியே இருக்கிறது.

“ரஞ்சிதா, அவள வெய்யாத. அந்த வேட்டியச் சுத்தலாமான்னு அவ எங்கிட்டக் கேட்டா. ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னவன் நான். அலசிப் போடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாக்கூட அலசியிருப்பா.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னாள். திருப்பிச் சொன்னேன்.

“ஆறு வருசம்,” என்றாள். “ஆறு வருசமா உங்க கையாலயே எம்பையனுக்கு மருந்து வாங்க வெச்சீங்களே. தூ!”

சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். மருந்துப் புட்டி கண்ணாடிமேல் கிடந்தது. பையனை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டாள். அந்தப் பக்கத்துக் கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டேன். ஒருவன், “ஆமா, இப்பத்தான் குடுத்தேன், அடிச்சு எழுதுனதத்தான் குடுத்தேன். ஏன், உனக்கென்ன?” என்றான். அப்போதுதான் மூச்சு வந்தது. ஆறு வருடம் கழித்து உண்மையைச் சொல்லிவிட்டேன் என்ற நினைப்பில் ஓர் ஆறுதல்கூட வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அமுதவல்லி சாலையைத் தாண்டி வந்தாள். கும்பிடுவாள் என்று நினைத்தேனோ, அழுவாள் என்று நினைத்தேனோ, தெரியவில்லை.

“என்ன சொன்னீங்க அவகிட்ட?”

“உள்ளதச் சொன்னேன். நீ எங்கிட்டக் கேட்டதையும், நான் சொன்னதையும். எத்தன நாளைக்கு அம்மிணி உம்மேலயே பழி கெடக்கறது?”

அவள் கண்ணாடியைப் படாரென்று அடித்தாள். முப்பது வருடத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

“நான் கேட்டனா? எம்மேல பழி கெடந்தா உங்களுக்கென்ன? உங்களக் காப்பாத்தறதுக்கா நான் வாய மூடிக்கிட்டிருந்தேன்னு நெனச்சீங்க? நீங்க பயந்துட்டிருந்தீங்க. அந்தப் பயத்துல ஒவ்வொரு மாத்தரயையும் நாலு தடவ பொரட்டிப் பாத்தீங்க. வேற எந்தக் கடைக்காரன் அப்புடிப் பாப்பான்? எம்பையனுக்கு இந்த ஊருல ஒரு கடையாச்சும் இருக்கட்டும்னு இருந்தேன். அதையும் கெடுத்துப்போட்டீங்களே!”

ரஞ்சிதா விட்டுப்போன மருந்துப் புட்டியை என் பக்கம் தள்ளினாள்.

“உங்க மனசு லேசாப் போச்சு,” என்றாள். “அவன் இனி மருந்துக்கு எங்கீங்க போவான்?”

மறுநாளே அந்த மருந்துப் பெயர்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, பையன் பெயரும் அம்மா பெயரும் போட்டு, ஊரிலிருக்கிற ஒவ்வொரு மருந்துக்கடைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிலர் வாங்கிக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒரு கடையில் அடுத்த வாரமே அந்தத் தாளில் மாத்திரை மடித்துக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். ரஞ்சிதா இப்போது எங்கே வாங்குகிறாள் என்று எனக்குத் தெரியாது. சேலத்தில் வாங்குகிறாள் என்று ஒருவர் சொல்கிறார், சங்ககிரியில் என்று இன்னொருவர் சொல்கிறார்.

அமுதவல்லி தினமும் காலையில் என் கடையைத் தாண்டித்தான் பட்டறைக்குப் போகிறாள். அவள் வருவது தெரிந்தால் நான் எழுந்து நிற்கிறேன். ஒன்றும் கேட்காமல் போய்விடுகிறாள்.